'எனக்குக் கணக்கு வராது' – பள்ளிப் பிள்ளைகளின் தன்னம்பிக்கையை அளந்த கதை



"எனக்குக் கணக்கு வராது." இந்த வாக்கியம் பேசப்படாத வீடு நம் பக்கம் உண்டா? நம் வகுப்பிலேயே பாதிப் பேர் பதினோராம் வகுப்பில் காமர்ஸ் குரூப் எடுத்ததற்குச் சொன்ன காரணம் இதுதான். அப்படி வந்தவர்கள்தான் இன்று அடக்கவிலைக் கணக்கியலையும் வருமான வரியையும் தினமும் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது வேறு கதை!

இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். 'கணக்குத் தெரியாது' என்று நாம் சொல்வதில்லை. 'வராது' என்கிறோம். மழை வராது, பஸ் வராது என்பது போல. நாகலாபுரமும் விளாத்திகுளமும் கோவில்பட்டியும் வானம் பார்த்த கரிசல் பூமி. மழைக்குக் காத்திருப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் கணக்கும் அறிவியலும் ஐப்பசி மழையா, வந்தால் உண்டு வராவிட்டால் இல்லை என்று விட்டுவிட?

பள்ளிக்கூடம் எத்தனையோ பதிவேடுகளை வைத்திருக்கிறது. வருகைக்கு ஒன்று, மதிப்பெண்ணுக்கு ஒன்று, சத்துணவுக்கு ஒன்று. "என்னால் முடியும்" என்று ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை நினைக்கிறதா இல்லையா என்பதற்கு மட்டும் பதிவேடு இருந்ததில்லை. அதை அளக்க முடியும் என்ற எண்ணம் எப்போது வந்தது? அதற்கு முன்பு நம் ஊரில் எதையெல்லாம் அளந்தார்கள்? இந்தக் கட்டுரையில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

1. திண்ணையில் எண்ணிய தலைகள்

சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822 ஜூனில் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள், எந்தச் சாதியினர், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கலெக்டர்கள் கணக்கு எடுத்து அனுப்ப வேண்டும் என்பதுதான் அது. நாகலாபுரம் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. (தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது 1986ல்தான்.) திருநெல்வேலி கலெக்டர் காட்டிய எண்ணிக்கை 607 பள்ளிகள், 9,377 மாணவர்கள். மாவட்டத்தின் மக்கள்தொகை 5,64,957. அதாவது நூற்றுக்கு இரண்டு பேர்கூடப் பள்ளியில் இல்லை. மாகாணம் முழுவதும் சேர்த்து 1,88,650 பேர். அதில் பெண் குழந்தைகள் வெறும் 4,540! வீட்டிலேயே படித்தவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அந்தத் திண்ணைப் பள்ளிகளில் என்ன கணக்கு நடந்தது? பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து. முந்திரி என்றால் 320ல் ஒரு பங்கு. காணி 80ல் ஒரு பங்கு. மாகாணி 16ல் ஒரு பங்கு. மா 20ல் ஒரு பங்கு. இன்று பின்னம் என்றதும் பயப்படுகிறோமே, அந்தப் பின்னங்களை எட்டு வயதுப் பையன் ராகம் போட்டு மனப்பாடமாகச் சொன்னான். நெல் அளப்பது, நிலத்தைக் குழிக்கணக்கில் சொல்வது, கூலி பிரிப்பது எல்லாம் அவன் கண்முன்னால் நடந்தவை. எண்சுவடிக்கும் களத்துமேட்டுக்கும் தூரம் அதிகமில்லை. 'எனக்கு வருகிறது' என்பதை அவன் ஊருக்குள்ளேயே சோதித்துப் பார்த்துக்கொள்ள முடிந்தது.

இதைச் சொல்லிவிட்டு 'அந்தக் காலம் பொற்காலம்' என்று முடிக்க எனக்கு மனமில்லை. அங்கே பிரம்பும் இருந்தது. பெல்லாரி கலெக்டர் கேம்பல் 1823ல் அனுப்பிய அறிக்கையில் ஒரு செய்தி வருகிறது. காலையில் பள்ளிக்கு முதலில் வருகிற பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவனுக்குப் பூஜ்யம். மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி. அதன்பின் வருகிறவர்களுக்கு வரிசைப்படி அடி கூடிக்கொண்டே போகும். கடைசியில் வந்தவன் கை என்னவாயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! தவிர, அந்தத் திண்ணையில் ஏற இடம் கிடைக்காதவர்களே பெரும்பான்மை. பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் 'எனக்கு வருமா' என்று கேட்டுப் பார்க்கவே வாய்ப்பில்லாமல் போனார்கள்.

மன்றோவின் கணக்கெடுப்பு தலைகளை எண்ணியது. தலைக்குள் என்ன இருந்தது என்று அது கேட்கவில்லை. அது அதன் நோக்கமும் அல்ல.

2. இன்ஸ்பெக்டர் வருகிறார்!

அடுத்து வந்த அளவுகோல் இன்னும் கறாரானது. இங்கிலாந்தில் 1862ல் ராபர்ட் லோ என்பவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். எத்தனை பேர் தேறினார்களோ அதற்கேற்ப அரசு மானியம். 'முடிவுக்கேற்ற கூலி' என்று சொல்லலாம். 1860களிலேயே சென்னை மாகாணத்துக்கும் இது வந்துவிட்டது. நம் திண்ணைப் பள்ளிகள் பலவும் மானியத்துக்காக இந்த வலைக்குள் வந்தன.

வணிகவியல் படிக்கிற நமக்கு இது எளிதில் புரியும். நேரக் கூலி, உருப்படிக் கூலி என்று இரண்டு வகை படித்திருக்கிறோம் அல்லவா? இது உருப்படிக் கூலி. உருப்படி யார்? பிள்ளைதான்! உருப்படிக் கூலியின் குறை என்ன என்றும் நமக்குத் தெரியும். எண்ணிக்கை கூடும், தரம் கெடும். ஆசிரியர் தேறக்கூடிய பிள்ளைகள் மேல் கவனத்தை வைப்பார். இன்ஸ்பெக்டர் கேட்கக்கூடிய கேள்விகளையே திரும்பத் திரும்பச் சொல்லவைப்பார். அங்கே இன்ஸ்பெக்டராக இருந்த கவிஞர் மாத்யூ அர்னால்டே இந்த முறையைக் கடுமையாக எதிர்த்தார்.

இங்கிலாந்தில் 1897ல் இது முடிவுக்கு வந்தது. இந்தியாவில் 1904ஆம் ஆண்டின் கல்விக் கொள்கைத் தீர்மானம் இதற்கு விடைகொடுத்தது. முறை போய்விட்டது. ஆனால் 'கணக்கு என்பது வெளியாள் ஒருவர் வந்து என்னைப் பிடிக்கிற இடம்' என்ற உணர்வு போனதா? இன்றும் "பி.இ.ஓ. வர்றாராம்" என்றால் வகுப்பே அமைதியாகிவிடுகிறதே!

இதில் ஒரு பாடம் இருக்கிறது. எந்த அளவையும் பணத்தோடு கட்டிவிட்டால் அந்த அளவு கெட்டுப்போகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் முடிவில் தேவைப்படும்.

3. எட்டயபுரத்துச் சோறும் தீப்பெட்டிக் கணக்கும்

சுதந்திரத்துக்குப் பிறகு முதல் பிரச்சினை பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவருவதுதான். காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை 1956ல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தார். நாகலாபுரத்துக்குப் பக்கத்து ஊர்! பசித்த வயிறு முதலில் நிரம்ப வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. ஆனால் அப்போதும் அளவு தலைக்கணக்குதான். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை பேர் இடையில் நின்றார்கள்.

இடையில் நின்றவர்கள் நம் பகுதியில் எங்கே போனார்கள்? ஆடு மேய்க்க, மிளகாய்ப்பழம் பொறுக்க, பருத்தி எடுக்க, முக்கியமாகத் தீப்பெட்டி வேலைக்கு. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் குழந்தைகள் தீப்பெட்டித் தொழிலில் இருந்தது நாடறிந்த செய்தி. 1986ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், அபாயகரமான தொழில்களில் உள்ள குழந்தைகளை மீட்டுப் படிக்கவைக்க வழி சொல்லித் தீர்ப்பளித்தது.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தீப்பெட்டிக்கு அளவு 'குரோஸ்'. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. பெட்டி ஒட்டுகிற வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் 12 பன்னிரண்டு 144 என்பது வாய்ப்பாடு தெரியாமலே தெரிந்திருக்கும். இத்தனை குரோஸ் ஒட்டினால் இவ்வளவு கூலி, முன்பணத்தில் இவ்வளவு கழியும் என்பதெல்லாம் மனக்கணக்கு. அதே பிள்ளையைக் கரும்பலகை முன் நிறுத்திப் பெருக்கல் கொடுத்தால்? "எனக்குக் கணக்கு வராது."

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளை ஆராய்ந்து 1985ல் ஒரு கட்டுரை வந்தது. வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 100க்கு 98 சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 100க்கு 37தான் சரி. ஐந்து பேர்தானே என்று தள்ளிவிடலாம். ஆனால் 2025ல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து 'நேச்சர்' இதழில் இதே போன்ற முடிவை வெளியிட்டார்கள். சந்தையில் மின்னல் வேகம், தாளில் தடுமாற்றம். பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகளுக்கு இதன் தலைகீழ். தாளில் போடுவார்கள், சந்தைக் கணக்கில் திணறுவார்கள்.

அப்படியென்றால் 'வராது' என்ற சொல் எப்போதும் திறமையைப் பற்றியதல்ல. 'இது என் இடமில்லை' என்ற உணர்வைப் பற்றியதும்கூட. அதைத் தனியாக அளக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றியிருக்க வேண்டும் அல்லவா?

4. நம்பிக்கைக்கு ஓர் அளவுகோல்

தோன்றியது, 1970களில்.

1976ல் அமெரிக்காவில் எலிசபெத் ஃபென்னெமா, ஜூலியா ஷெர்மன் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் கணிதம் பற்றிய மனப்பான்மையை அளக்க ஒன்பது அளவுகோல்களை வெளியிட்டார்கள். அதில் ஒன்று கணிதத் தன்னம்பிக்கை. ஆணும் பெண்ணும் ஒரே மதிப்பெண் வாங்குகிற இடத்திலும் பெண்களின் நம்பிக்கை குறைவாக இருப்பதை அவர்கள் கண்டார்கள். மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் தெரியாத ஒன்று, கேட்டபோதுதான் தெரிந்தது!

அவை உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கானவை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது? 1981ல் ஆல்பர்ட் பண்டுராவும் டேல் ஷங்க்கும் செய்த ஆய்வு இதற்கு அருமையான வழி காட்டியது. ஏழு முதல் பத்து வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள். எல்லோரும் கழித்தலில் பின்தங்கியவர்கள். அவர்களுக்கு ஒவ்வொரு கணக்கையும் இரண்டு விநாடி மட்டும் காட்டினார்கள். போட்டுப் பார்க்க நேரம் போதாது, எவ்வளவு கடினம் என்று பார்க்க மட்டும் போதும். "இதை உன்னால் போட முடியுமா, எவ்வளவு உறுதி?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பிறகு அவர்களுக்கு ஏழு நாள் பயிற்சி. ஒரு குழுவுக்கு 'இன்றைக்கு இந்த ஆறு பக்கம்' என்று பக்கத்து இலக்கு. இன்னொரு குழுவுக்கு 'ஏழாம் நாள் முடிவில் 42 பக்கம்' என்று தூரத்து இலக்கு. வேலை ஒன்றேதான். ஆனால் பக்கத்து இலக்கு வைத்த பிள்ளைகளுக்குத் திறமையும் கூடியது, நம்பிக்கையும் கூடியது. தூரத்து இலக்கு வைத்தவர்கள் இலக்கே வைக்காதவர்களைவிடப் பெரிதாக முன்னேறவில்லை.

'தைரியமாயிரு' என்று சொல்வதால் தைரியம் வருவதில்லை. எட்டுகிற உயரத்தில் படி இருந்தால் வருகிறது.

அறிவியலுக்கும் ஒன்று உண்டு. டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 4,807 தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் "ஒரு விஞ்ஞானியை வரை" என்று சொன்னார். 1983ல் முடிவு வெளியானது. பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர் மட்டுமே. அந்த 28 பேருமே பெண் குழந்தைகள்! ஒரு கேள்வித்தாளும் இல்லாமல், ஒரு பென்சிலை வைத்து, 'அறிவியல் யாருக்கு உரியது' என்று பிள்ளைகள் நினைப்பதை அளந்துவிட்டார் மனிதர்.

1995 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் 'டிம்ஸ்' என்ற பன்னாட்டுத் தேர்வு, நான்காம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கணக்கு, அறிவியல் கேள்விகளோடு நம்பிக்கை பற்றியும் கேட்கிறது. அதில் ஒரு வேடிக்கை. ஒரே நாட்டுக்குள் பார்த்தால் நம்பிக்கை அதிகமுள்ள பிள்ளைகளே அதிக மதிப்பெண் வாங்குகிறார்கள். நாட்டையும் நாட்டையும் ஒப்பிட்டால் கதை மாறுகிறது. மதிப்பெண்ணில் முதலிடங்களில் நிற்கும் ஜப்பான், கொரியா, தைவான் பிள்ளைகள் 'எனக்கு நன்றாக வரும்' என்று சொல்லத் தயங்குகிறார்கள்! அடக்கம் ஒரு காரணமாக இருக்கலாம். பக்கத்துப் பிள்ளையின் உயரத்தை வைத்துத் தன்னை அளப்பதும் காரணமாக இருக்கலாம். எனவே இந்த அளவுகோலை ஊர்விட்டு ஊர் கொண்டுபோய் 'நாங்கள் முதலிடம்' என்று கொடி பிடிக்க முடியாது.

5. தமிழ்நாட்டில் ஏணி

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியினர் உருவாக்கிய அட்டை முறையைப் பார்த்து, எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முன்னின்று செய்தது. 2007-08ல் அது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. நம்மில் பலருக்கு நினைவிருக்கும்: பெஞ்சுக்குப் பதில் பாய், சுவரின் கீழே பிள்ளைக்கு எட்டும் கரும்பலகை, தலைக்கு மேலே வரைந்ததைத் தொங்கவிடும் கம்பிப்பந்தல், பிள்ளையே போடும் வருகைப்பதிவு, சுவரில் கற்றல் ஏணி.

அந்த ஏணியைக் கவனியுங்கள். முயல் படம் போட்ட அட்டையை முடித்தால் அடுத்த அட்டை. நான் எங்கே நிற்கிறேன், அடுத்த படி எது என்று பிள்ளைக்கே தெரியும். பண்டுராவும் ஷங்க்கும் சொன்ன பக்கத்து இலக்கு இதுதானே! விமர்சனங்களும் வந்தன. அட்டையை நகர்த்துவதே பாடமாகிவிட்டது, ஆசிரியர் கற்பிப்பது குறைந்தது என்றார்கள். அவற்றில் நியாயமும் உண்டு. ஆனாலும் கரும்பலகையைப் பிள்ளையின் உயரத்துக்கு இறக்கியது சின்ன விஷயமல்ல.

அதே காலத்தில் அளவைகள் குவிந்தன. 2005 முதல் பிரதம் அமைப்பின் 'அசர்' ஆய்வு வீடு வீடாகப் போய்ப் பிள்ளையால் கழித்தல், வகுத்தல் போட முடிகிறதா என்று பார்த்தது. 15 வயதினருக்கான 'பிசா' தேர்வில் தமிழ்நாடு கலந்துகொண்டு, கணக்கில் 351 புள்ளி வாங்கிப் பட்டியலின் அடியில் நின்ற செய்தி 2011 டிசம்பரில் வந்தது. 2019 செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்கே பொதுத் தேர்வு என்று அரசாணை வந்தது. பலத்த எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் அது ரத்தானது. பத்து வயதில் ஒரு பிள்ளைக்கு 'நீ தேறவில்லை' என்று அரசு முத்திரை குத்தியிருந்தால், நம் கரிசல் கிராமங்களில் அந்தப் பிள்ளை மறுபடி பள்ளிக்கு வந்திருக்குமா என்று நினைத்துப் பாருங்கள்.

கொரோனாவுக்குப் பிறகு 2022ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. பிள்ளைகளை நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் முறை. அழகான பெயர்கள். ஆனால் தான் அரும்பா மலரா என்பது எந்தப் பிள்ளைக்கும் இரண்டே நாளில் புரிந்துவிடும். 'அரும்பு மலராகும்' என்று அது புரிந்துகொள்கிறதா, 'நான் மக்கு' என்று புரிந்துகொள்கிறதா? அதைத்தான் அளக்க வேண்டும் என்கிறேன்.

6. சரி, எப்படி அளப்பது?

ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து வரும். தொட முடியாது, எடை போட முடியாது. ஆனால் கடையை விற்கும்போது அதற்குத்தான் விலை அதிகம். பிள்ளையின் தன்னம்பிக்கையும் அப்படி ஒரு சொத்து. அதை மதிப்பிட எனக்குத் தோன்றும் வழிகள் இவை:

முதலாவது, "உனக்குக் கணக்கு வருமா?" என்று பொதுவாகக் கேட்கக் கூடாது. ஒரு கணக்கைக் காட்டி "இது முடியுமா?" என்று கேட்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு எண்களுக்குப் பதில் சிரித்த முகம், சாதாரண முகம், வாடிய முகம் போதும்.

இரண்டாவது, கேட்டதோடு நிற்காமல் அந்தக் கணக்கைப் போடவும் விட வேண்டும். அப்போது நான்கு வகைப் பிள்ளைகள் தெரிவார்கள். முடியும் என்று சொல்லிப் போட்டவர், முடியும் என்று சொல்லித் தவறியவர், முடியாது என்று சொல்லித் தவறியவர், முடியாது என்று சொல்லிவிட்டுச் சரியாகப் போட்டவர். இந்த நான்காவது பிள்ளையை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டாது. பெரும்பாலும் பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது, தாள் கணக்கோடு கடைக்கணக்கையும் கேட்க வேண்டும். கடலைமிட்டாய்ப் பாக்கெட், பஸ் டிக்கெட், குரோஸ் கணக்கு எல்லாம் கணக்குதான் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அறிவியலிலும் அப்படியே. கரிசல் மண் கோடையில் ஏன் பிளக்கிறது என்று கேட்டால் நம் பிள்ளைகள் பேசாமலா இருப்பார்கள்?

நான்காவது, இந்த அளவை வைத்து ஆசிரியருக்கோ பள்ளிக்கோ பரிசும் தண்டனையும் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் இன்ஸ்பெக்டர் காலம் திரும்பிவிடும். எல்லாப் பிள்ளைகளும் சிரித்த முகத்தையே வட்டமிடப் பழக்கப்படுத்தப்படுவார்கள்!

இருநூறு ஆண்டுகளாக நாம் பள்ளியை எண்ணினோம், தலையை எண்ணினோம், தேறியவர்களை எண்ணினோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஆனால் ஒரு பெண் குழந்தை ஐந்தாம் வகுப்பில் 'எனக்கு வராது' என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டால், அவள் பள்ளியை விட்டு நிற்பதற்கு முன்பே கணக்கை விட்டு நின்றுவிடுகிறாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே அன்றும் 'உள்ளேன்' என்றுதான் இருக்கும்.

அவளிடம் கேட்க ஒரு நிமிடம் போதும்.

உங்கள் கருத்துகளையும் சொல்லுங்கள் நண்பர்களே. அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.